ஏழு தெரு அணி

“அடுக்குமாடியில இருக்கிறவங்களை நாங்க சேர்க்கிறதில்லைங்க. தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார் செயலாளர்.

எதிரே மடக்கு நாற்காலியில் இருந்தவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வயதிருக்கும். கைகளில் கிரீஸ் கறை முழுதாகப் போகவில்லை. அன்று காலைப் பயிற்சியில் பத்து பெனால்டி அடித்தார்கள். எட்டு அந்தக் கைகளுக்குள் போய் அடங்கிவிட்டன.

“நானும் மூணாவது தெருதான் சார். வீட்டு நம்பர்கூட எழுதியிருக்கேன்,” என்று விண்ணப்பத்தை நகர்த்தி வைத்தார்.

“உங்க கட்டடம் தெருவுல இருக்கு. ஆனா அது தெரு இல்ல தம்பி.” இது தலைவர். தொழில் தையல். அணியின் நீலச் சட்டைகளை வெட்டித் தைப்பவர் அவர்தான். மிச்சத் துணியில் ஆளுக்கொரு பையும் தைத்துக் கொடுத்திருந்தார். “பக்கத்து வீட்டுக்காரர் பேராவது தெரியுமா உங்களுக்கு?”

“எல்லார் பேரும் தெரியும் சார். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா என்னைத்தானே கூப்பிடுறாங்க.”

மூலையில் கோல்கீப்பர் சிரித்துவிட்டார். அவர் பட்டப்பெயர் சுவர். இருபது வருடமாக அசையாத சுவர், போன வாரம் மணிக்கட்டில் விரிசல் விட்டுவிட்டது. முழங்கை வரை மாவுக்கட்டு.

அடுத்த ஞாயிறு பாலத்துக்கு அந்தப் பக்கத்து அணியோடு ஆட்டம். தோற்றால் லீக்கிலிருந்து வெளியே. லீக்கில் இல்லாத அணிக்கு மைதானம் கிடையாது என்று மாநகராட்சி கடிதமே அனுப்பிவிட்டது. சுவரை விட்டால் வேறு கோல்கீப்பர் இல்லை.

ஆனால் கதவுக்கு மேல் ஒரு பலகை இருந்தது. ‘ஏழு தெருவுக்குள் இரவு தூங்குபவரே நம் ஆட்டக்காரர்.’ அணியை ஆரம்பித்த மில் தொழிலாளிகள் எழுதி வைத்தது. வெளியாளை விலைக்கு வாங்கி ஜெயிக்கக் கூடாது என்பது அவர்கள் வைராக்கியம். சீசன் தொடங்கும் முன் கமிட்டி விடியற்காலையில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும். தூக்கக் கலக்கத்தோடு வந்து திறப்பவர் பெயர் பதிவாகும்.

நாலு வருடத்துக்கு முன்னால், நமக்குள் என்ன சந்தேகம், இனி தட்ட வேண்டாமே என்று தலைவர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. முதலில் கை தூக்கியது செயலாளர்தான்.

“மில் போச்சு, வரிசை வீடுங்க போச்சு,” என்றார் செயலாளர். “மிச்சம் இருக்கிறது இந்தப் பலகை ஒண்ணுதான் தம்பி. அதையும் விட்டுட்டா அப்புறம் இது எந்த ஊர் அணி?”

மெக்கானிக் பலகையை நிமிர்ந்து பார்த்துப் படித்தார்.

“அப்போ நாளைக்கு விடியற்காலையில வந்து தட்டிப் பாருங்க சார். நான்தான் திறப்பேன்.”

சுவர் மாவுக்கட்டின் விளிம்பைச் சொறிந்துகொண்டார். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று இருபது.

“சரி சார். மனசு மாறினா கூப்பிடுங்க. நான் இங்கதான் இருப்பேன்.” மெக்கானிக் நாற்காலியை மடக்கிக் கதவோரம் சாய்த்துவிட்டுப் போனார். விண்ணப்பம் மேஜையிலேயே கிடந்தது. செயலாளர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அறையைப் பூட்டினார்கள். சாப்பாடு ஆறிவிடும் என்று தலைவர் இரண்டாவது தெருப் பக்கம் திரும்பினார். சுவர் கடைசித் தெருவுக்குள் போனார். இருவரும் மறையும் வரை செயலாளர் காத்திருந்தார். பிறகு ஐந்தாவது தெருவில் நடந்தார்.

அவர் வீடு இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துமிடம். நிற்காமல் கடந்து, ரயில் நிலையத்துக்குள் நுழைந்தார்.

வாடகை ஏறி, வெளியேறி ஐந்து வருடமாகிறது. ஒன்றேகால் மணி நேரப் பயணம். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பலகை அவரையும் வெளியே தள்ளிவிடும். அந்த அறையையும் விட்டால் அவருக்குப் போக வேறு இடமில்லை.

வழக்கமாக அரை மணிக்கொரு வண்டி. அன்று தண்டவாள வேலை. மதியம் ஒன்றே முக்காலுக்கு ஒரே வண்டிதான். சீசன் டிக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தார்.

பெஞ்சில் தலைவர் உட்கார்ந்திருந்தார்.

“தங்கச்சி வீடு வரைக்கும்...” என்று எழுந்தார் தலைவர். அவர் கையிலும் சீசன் டிக்கெட். நான்கு ஓரமும் நைந்திருந்தது.

“நானும் ஒரு வேலையா...” என்று ஆரம்பித்த செயலாளர் டிக்கெட்டை அவசரமாகச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

தலைவர் அவரைப் பார்க்கவில்லை. அவர் பார்வை போன இடத்தில், ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து மாவுக்கட்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

“சுவரே, வெளிய வா,” என்றார் தலைவர்.

சுவர் வந்தார். அசட்டுச் சிரிப்போடு, கட்டுப்போட்ட கையால் மேடையின் கோடியைக் காட்டினார். அங்கே வரிசையாக நின்ற தூண்கள் ஒவ்வொன்றின் பின்னாலும், பாதி மறைந்தும் மறையாமலும், தலைவர் தைத்த ஒரு நீலப் பை தெரிந்தது.

செயலாளர் பெஞ்சில் உட்கார்ந்து, மெக்கானிக்கின் விண்ணப்பத்தை எடுத்து முழங்கால் மேல் விரித்தார்.

“பேனா இருக்கா?” என்றார் தலைவர். “ஏழு தெருவுல இன்னைக்கு ராத்திரி தூங்கப்போறது அந்தத் தம்பி ஒருத்தன்தான்.”