தாங்கும் கை

விபத்தில் வலது கையை இழந்த பிறகு ஜெயசிங் ஸ்நூக்கர் மேசைப் பக்கமே போகவில்லை. பந்தடிக்கும் பழைய கோலையும் யாருக்கோ கொடுத்துவிட்டான். அவன் மனைவி தபிதாதான் மன்றாடி அவனைக் கோல் செய்யும் நவாஸின் பட்டறைக்குக் கூட்டிவந்திருந்தாள். எந்த மரத்தில் கோல் வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, ஏதாவது செய்யுங்கள் என்றான். நவாஸ் ஒரு மாதிரிக் கோலை நீட்டி, "மேசையில குனிஞ்சு நில்லுங்க சார், நீளம் பாக்கணும்" என்றார்.

இடது கையால் அடிப்பிடியைப் பற்றிக் குனிந்தான். முன்பக்கம் தாங்கக் கை இல்லாமல் கோல் மேசையின் பச்சைத் துணியில் சரிந்தது. நவாஸ், கைக்குப் பதிலாகக் கோலின் முன்பக்கத்தை ஏந்தும் தாங்குகட்டையை எடுக்கத் திரும்பினார். அதற்குள் தபிதா வந்து, துணிமேல் கையை ஊன்றி, விரல்களை விரித்துக் கட்டைவிரலை உயர்த்தி, அந்தப் பள்ளத்தில் கோலை ஏந்திக்கொண்டாள். இத்தனை வருஷம் அவன் ஆட்டத்தை ஓரமாக உட்கார்ந்து பார்த்திருந்தவள் இதை எப்போது பழகினாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. கோலை மெல்ல முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தான். அவள் கை அசையாமல் நின்றது.

"போட்டியில இது செல்லாது சார்" என்றார் நவாஸ், தணிந்த குரலில்.

"தெரியும்."

"அப்ப கட்டைக்கு ஏத்த நீளம் வச்சுடவா?"

ஜெயசிங் நிமிரவில்லை.

"வேண்டாம். இவ விரலுக்கும் என் கைக்கும் நடுவுல அளவெடுங்க. முன்பக்கம் கொஞ்சம் மெல்லிசா இழைங்க. இவளுக்குச் சின்னக் கை."