அவருடைய சர்க்கரை

தையல்காரி ஒன்பது வருடமாகக் கணவருக்குத் தன் கையாலேயே இன்சுலின் போட்டாள். ஊசி இறங்கும்போதெல்லாம், "என்னைத் துணின்னு நெனச்சியா?" என்று எரிந்து விழுவார்.

அவர் இறந்து இரண்டு மாதம் கழித்து, சர்க்கரை பார்க்கும் கருவியை நாத்தனாருக்குக் கொடுக்கலாமென்று எடுத்தாள். திரையில் அன்றைய தேதி, காலை ஆறரை மணி, 312 என்றிருந்தது. வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை. மறுநாள் 356. அதற்கடுத்த நாள் 401.

நாத்தனாரிடம் காட்டினாள்.

"அண்ணன் இருந்தப்பவும் நீங்க இப்படித்தான் ஏற விட்டீங்க, அண்ணி."

அந்தப் பேச்சு அவளைச் சுட்டது. மறுநாள் காலை, மிச்சமிருந்த இன்சுலினில் இருபது யூனிட் ஊசியில் ஏற்றி, அவர் உட்காரும் நாற்காலியின் மெத்தையில் குத்தினாள். மெத்தை நனையவில்லை.

அடுத்த நாள் கருவி 124 காட்டியது. ஒன்பது வருடத்தில் ஒருநாளும் அவ்வளவு இறங்கியதில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அது துக்கத்தில் வந்த அழுகையல்ல.

முகத்தைக் கழுவிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போன் செய்தாள்.

"எப்பவும் வாங்குற இன்சுலின் ஒண்ணு அனுப்புங்க."

"ஐயாதான் தவறிட்டாரேம்மா?" என்றார் கடைக்காரர்.

"அவரு எங்க போனாரு" என்றாள்.