நாகத்தின் வெள்ளைக் குட்டி

குட்டியின் கண்கள் மட்டும் சிவப்பு. மற்றதெல்லாம் வெள்ளை, உரித்த பூண்டுப் பல் மாதிரி.

கூண்டின் மூலையில் அது சுருண்டு கிடந்தது. பக்கத்தில் மற்ற முட்டைகள் மஞ்சளித்துச் சுருங்கியிருந்தன. பொரிந்தது இது ஒன்றுதான்.

தாய் நாகம் கோதுமை நிறம். எண்பத்தாறில், ராஜபாளையத்துக் கல்லூரியின் விலங்கியல் கூடத்துக்கு அது வந்தபோது பென்சில் கனம்கூட இல்லை. மூன்று வருடமாகத் தனிக் கூண்டு.

அதற்கு எப்படிக் குட்டி?

கண்ணாடிக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். விலங்கியல் பேராசிரியர் தங்கச்சாமி. இரை வைத்துக் கூண்டு கழுவும் அட்டெண்டர் பீர் மைதீன். தமிழ்த் துறையிலிருந்து உயர்ந்து வந்த பிரின்ஸ்பால்.

கல்லூரி வாசலில் காலையிலிருந்தே பெண்கள் செம்பில் பாலோடு நிற்கிறார்கள். கல்லூரிக் கமிட்டியிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது.

பிரின்ஸ்பால் பீர் மைதீனிடம் பக்கத்துக் கூண்டைக் காட்டினார். அதில் சாரை. இரண்டு கூண்டுக்கும் நடுவே, ஏற்றி இறக்குகிற ஒரு பலகைதான் தடுப்பு.

"பலகையத் தூக்கி வச்சிட்டு நீரு டீ குடிக்கப் போயிட்டீரு. சாரை இந்தப் பக்கம் வந்திருச்சு. சம்பந்தத்த நீரே பேசி முடிச்சிட்டீரு, என்ன?"

சாரைதான் ஆண், நாகம்தான் பெண். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். வாசலில் நிற்கும் பெண்களுக்கும் தெரியும், ஆபீஸ் கிளார்க்குக்கும் தெரியும், பிரின்ஸ்பாலுக்கும் தெரியும்.

"அல்லா மேல சத்தியமா பலகையத் தொடலைய்யா. தொறந்து கெடந்தா நாகம் சாரைய முழுங்கியிருக்கும்லா? தாலி கட்டட்டும்னு பொறுத்துக்கிட்டா இருக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை.

மாணவர்கள் நடமாடுகிற கூடம். பலகை திறந்து கிடந்தது என்று ஆகிவிட்டால் பீர் மைதீன் இன்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கமிட்டி அப்படித்தான் சொல்லியிருந்தது.

"சார்ட்டக் கேளுங்கய்யா. அவிய படிச்சவிய, அவியளே சொல்லட்டும்."

பிரின்ஸ்பால் திரும்பினார். "சாரையா இருக்குமா, இருக்காதா? நீங்க சொல்றதத்தான் நான் போன்ல சொல்லப்போறேன்."

இரண்டும் வேறு வேறு இனம், ஒன்றோடு ஒன்று சேராது. ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் தங்கச்சாமி சொல்லிச் சிரிக்கவைக்கிற விஷயம் அது. இப்போதும் நாக்கு நுனியில் வந்து நின்றது.

சொன்னால் பீர் மைதீன் தப்பிப்பார்.

சொன்னால் அடுத்த கேள்வி வரும். சாரை இல்லையென்றால், யார்?

யாருமே இல்லையென்றால் வெள்ளை எங்கிருந்து வந்தது? தாயிடமிருந்தேவா? அந்தக் கோதுமை நிறத்துக்கு அடியில் இத்தனை நாளும் வெளியே தெரியாமல் கிடந்ததா?

பட்டாணிச் செடியில் ஒளிந்திருக்கும் குணம் தலைமுறை தாண்டித் தலைகாட்டும் என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டுகிறவர்தான் அவர். ஆனால் அந்தக் கட்டத்தின் மேலே தாய்க்குப் பக்கத்தில் தகப்பனும் உண்டு. இங்கே அந்த இடத்தில் எதை எழுதுவது?

அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு நாகம் இல்லை. பலகையைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார்" என்றார் பீர் மைதீன்.

"இருக்கலாம்" என்றார் தங்கச்சாமி.

பிரின்ஸ்பால் போனை நோக்கி நடந்தார்.

பீர் மைதீன் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"சாரைக்கு நாளைக்கு இரை வைக்கணும் சார்."

தங்கச்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மத்தியானம் அங்கே கோர்ட்டில், அவர் போட்ட விவாகரத்து வழக்கு.

மனைவி சீனியம்மாள் சுந்தரபாண்டியத்துத் தாய்வீட்டிலிருந்து பிள்ளையோடு வந்திருப்பாள். பிள்ளை பிறந்த அன்றே, இது யாருடையது என்று அவளிடம் கேட்டவர் அவர்.

கோர்ட் வாசலில் நிழல் கிடையாது. அவள் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் தலையை மூடியிருப்பாள். வெள்ளை முடி, வெள்ளை இமை. அவனுக்கு வெயில் ஆகாது.