மூன்று தொப்பிகளும் ஒரு வீடியோவும்

"எந்தத் தொப்பிடா? இப்பவாவது சொல்லித் தொலை!" அப்பா பல்லைக் கடித்தார்.

கோல்பி குனிந்து ஷூ லேஸை இறுக்கிக் கட்டினான்.

பள்ளிக்கூட ஜிம்மில் மேசை போட்டு மூன்று கல்லூரித் தொப்பிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். எந்தக் கல்லூரிக்காக ஓடப்போகிறானோ அந்தத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். கைதட்ட ஊரே உட்கார்ந்திருந்தது.

நானும் கோல்பியும் இரட்டைப் பிள்ளைகள். நானும் இந்த வருஷம்தான் பள்ளியை முடிக்கிறேன். நான் எந்தக் கல்லூரிக்குப் போகிறேன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்குத் தொப்பியும் இல்லை. போகட்டும்.

அவன் டெக்கத்லான்காரன். ஓட்டம், தாண்டல், எறிதல் என்று பத்துப் போட்டி. பத்தையும் கூட்டிப் பார்த்தால் எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் அவன் வயசில் அவனை மிஞ்ச ஆளில்லை.

கோலூன்றித் தாண்டுவதில்தான் சிக்கல். போன கோடையில் மெத்தைக்கு வெளியே போய் விழுந்தான். லீவு முழுக்கக் கழுத்தில் பட்டை.

அதிலிருந்து அம்மாவுக்கு ஒரே கவலை. "காலேஜ்ல இவன் தாண்டும்போது பக்கத்துல யாருடீ நிக்கப்போறாங்க?"

அதனால்தான் கோல்பி மூன்று கல்லூரிகளின் கோச்சுகளுக்கும் வீடியோ அனுப்பினான். 'என் தாண்டலில் என்ன தப்பு? பார்த்துச் சொல்லுங்கள்.'

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர் பெரிய பல்கலைக்கழகத்தின் கோச் பில்லிங்ஸ்.

"எத்தனை தடவை பார்த்தேன்னு கணக்கே இல்ல தம்பி! அந்த ஓட்டம், அந்த ஊன்றல்... கண்ணுல ஒத்திக்கலாம்!"

"தப்பு எதுவும் தெரியலையா கோச்?"

"தப்பா? உன்கிட்டயா?" என்று சிரித்துவிட்டு அம்மாவின் கேக்கில் மூன்றாவது துண்டை எடுத்தார்.

அவர் போனதும் கோல்பி போனை எடுத்து எதையோ பார்த்தான். முகம் ஒரு மாதிரி ஆனது.

"என்னடா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. அடுத்தவர் எப்ப வர்றார்?"

அடுத்து வந்தவர் கோச் ரட்லெட்ஜ். அவருடையது இன்னும் பெரிய இடம்.

"உன் வீடியோவை எங்க ஆபீஸ்ல எல்லாரையும் உக்காரவெச்சுப் போட்டுக் காட்டினேன். இடது தோள் மட்டும் இம்மி கீழ இறங்குது. கவலைப்படாதே, நான் சரி பண்ணிடறேன்."

"இடது தோளா கோச்?"

"இடதேதான். ஸ்லோ பண்ணிப் பார்த்தேன்ல!"

கோல்பிக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

"பார்த்தியா? தோள் வரைக்கும் கவனிச்சிருக்காரு!" என்று அப்பா உருகினார். "எனக்கும் அப்பவே தோணுச்சு, சொல்லலை."

கடைசியாக ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து கோச் நோரீன் வந்தார். ஒரு கதவு மட்டும் வேறு நிறத்தில் இருந்த வண்டி.

"வீடியோ பார்த்தீங்களா?" அப்பா ஆசையாகக் கேட்டார்.

"இல்லீங்க."

"இல்லையா?"

"வந்துச்சு. திறக்கவே இல்ல. எங்க பிள்ளைங்கள்ல ஒருத்திக்குக் கால் உடைஞ்சு, அவளோட ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சதுல விட்டுட்டேன். தப்பு என் மேலதான்." கோல்பி பக்கம் திரும்பினார். "நீ ஏன் விழுந்தே?"

"தெரியல கோச்."

"எனக்கும் தெரியாது. நீ தாண்டறதைப் பக்கத்துல நின்னு பார்க்கணும். அதுக்கப்புறம்தான் சொல்வேன்."

வண்டி தெருமுனை திரும்பவில்லை, அப்பா ஆரம்பித்துவிட்டார். "ஒரு நிமிஷ வீடியோ! அதைப் பார்க்க இந்தம்மாவுக்கு வலிக்குதா? என்ன திமிர்! இவங்க தொப்பியை மேசையில வைக்கறதே தண்டம்!"

ஜிம்மில் அந்தத் தொப்பியைத்தான் கோல்பி எடுத்து மாட்டிக்கொண்டான்.

தலைமை ஆசிரியர் தட்டத் தூக்கிய கைகளைச் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். "பெரிய இடம்னதும் பயந்துட்டான்" என்றது ஒரு குரல். "அந்தக் காலேஜ்ல எவளோ இருக்கா" என்றது இன்னொன்று.

அப்பா அவன் கையைப் பிடித்துக் ஜிம்முக்குப் பின்னால் இழுத்துப் போனார். நானும் ஓடினேன்.

"ஏன்டா, வேலை மெனக்கெட்டு உன் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தவங்க ரெண்டு பேரு! அவங்களை விட்டுட்டு, திறந்துகூடப் பார்க்காத அந்தம்மாவா உனக்கு?"

"ஆமாப்பா. நான் தாண்டினா கோச் பக்கத்துல நிக்கணும். 'ஒழுங்கா இருக்கு, தாண்டு'ன்னு அவங்க சொன்னா நான் நம்பித் தாண்டணும். என் கழுத்துப்பா அது."

"அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

கோல்பி போனை நீட்டினான். "அன்னிக்கு அவசரத்துல மாத்தி அனுப்பிட்டேன். மூணு பேருக்கும் போனது இதுதான். நீங்களே பாருங்க."

அப்பா பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

எங்கள் சிவப்பு மாடு கன்று போட்டுக்கொண்டிருந்தது.