நாலாவது வரி

“மிஸ், நான் ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லாதே. எழுது.”

“அவசரம் மிஸ்.”

“பாத்ரூமா?”

“இல்ல மிஸ், வந்து...”

“அப்போ எழுது. கதை நேரத்துல பேச்சே கிடையாது. எல்லாரும் வாயைப் பூட்டியாச்சா?”

இரண்டாம் வகுப்பு மொத்தமும் உதட்டருகே கையைத் திருகிப் பூட்டிக்கொண்டது. அந்தச் சிறுமி மட்டும் திறந்த வாயோடு நின்றாள். வகுப்பே அவளுக்கு லொடலொட என்று பெயர் வைத்திருந்தது. பேச்சு எட்டு ஊருக்குக் கேட்கும். பென்சில்தான் ஒரு அங்குலம் நகராது. இன்றைக்கும் குழாயடியில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுக் கடைசியாக வந்தவள் அவள்தான்.

“பத்து மணிக்குப் பெரிய டீச்சர் வராங்க. நீ சொந்தமா நாலு வரி எழுதலைன்னா உன்னை ஒண்ணாம் வகுப்புல உட்கார வெச்சிருவாங்க. ஞாபகம் இருக்குல்ல?”

“அவ தம்பி பக்கத்துல,” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கொல்லென்று சிரிப்பு.

“பூட்டு,” என்றாள் டீச்சர்.

அவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளைகள் சொந்தமாகக் கதை எழுதட்டும் என்று ஆறு மாதமாக மல்லுக்கட்டுகிறாள். பெரிய டீச்சருக்கோ கரும்பலகையைப் பார்த்து எழுதினால்தான் அது எழுத்து. “அந்த லொடலொட எழுதட்டும், அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன். எழுதலைன்னா இந்தக் கதை வகுப்பை மூட்டை கட்டிடணும்,” என்று நேற்றுத்தான் சொல்லியிருந்தார்.

மணி பத்தே கால். கடிகாரமே பெரிய டீச்சரைப் பார்த்துத்தான் ஓடும் என்பார்கள். அவரையே காணோம்.

காலையில் குழாயடிக்கு எதிரே இருக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓடி, காகிதக் கட்டைத் தூக்கி, பூட்டிவிட்டு ஓடிவந்த படபடப்பே டீச்சருக்கு இன்னும் அடங்கவில்லை. இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க, மேசைகளுக்கு நடுவில் போவதும் வருவதுமாக இருந்தாள். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாட்டுக் கத்தல். அது போதாதென்று எங்கிருந்தோ டொம் டொம் என்று இடிக்கிற சத்தம் வேறு.

“ஆயாம்மா, கூரையில வேலை பார்க்கிறவங்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்களேன். தலை வெடிக்குது. அப்படியே பெரிய டீச்சர் எங்கேன்னும் பாருங்க.”

“அவங்க ரூம்ல டீ ஆடை கட்டிக் கிடக்கு டீச்சரம்மா. ஆளைத்தான் காணோம்,” என்று முணுமுணுத்தபடி ஆயா போனாள்.

திரும்பிப் பார்த்தால், லொடலொட உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். டீச்சர் மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

‘ஒரு அம்மா ஒரு ரூமுக்குள்ள போனாங்க.’

ஆறு மாதத்தில் முதல் வரி.

“மிஸ், அந்த அம்மா...”

“உஷ். வாயில வேண்டாம், காகிதத்துல. அப்புறம்?”

கதை நேரத்தில் டீச்சர் பேசுவது அந்த ஒரு சொல்தான். அதற்கு மேல் ஒன்றும் எடுத்துக் கொடுக்க மாட்டாள்.

சிறுமி ஜன்னலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். காலை ஆட்டிக்கொண்டே அழுத்தி அழுத்தி எழுதினாள்.

‘இன்னொரு அம்மா பாக்காம கதவைப் பூட்டிட்டாங்க.’

“அடி கள்ளி. இதையெல்லாம் எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த? அப்புறம்?”

‘உள்ள இருக்கறவங்க டொம் டொம்னு தட்றாங்க.’

“பாருங்க, காதுல விழுற சத்தத்தைக்கூடக் கதையில சேர்த்துட்டா,” என்று டீச்சர் வகுப்புக்கே சொன்னாள். “மூணு வரி ஆச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்டா தங்கம். யாராவது வந்து கதவைத் திறக்கணும்ல? அப்புறம்?”

அவளே தன் விதியை மீறி எடுத்துக் கொடுத்துவிட்டாள். பெரிய டீச்சர் இந்த நேரம் பார்த்து வரவேண்டுமே என்று வாசலுக்கு ஓடியவள், எதிரே மூச்சு வாங்க வந்த ஆயாமேல் முட்டிக்கொண்டாள்.

“கூரை வேலைக்கு இன்னிக்கு யாருமே வரலையே டீச்சரம்மா.”

டீச்சர் மெல்லத் திரும்பினாள். சிறுமி காகிதத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

‘சாவி உங்க இடுப்புலதான் இருக்கு மிஸ்.’