பதினாலாம் நம்பர்

"பதினாலு!"

படகுத்துறையில் இருந்த அத்தனை கூச்சலும் சட்டென்று அடங்கிவிட்டது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் அவர்கள் வீட்டு ஆட்களையும் ஒரு நாள் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வகுப்பு சார் சொன்னபோது எல்லோருக்கும் சந்தோஷம்தான். அவருக்குப் பேர் எதுவும் மனசில் நிற்காது. எல்லாமே வருகைப் பதிவேட்டு நம்பர்தான். என் மகள் பதினைந்து, நான் பதினஞ்சாம் நம்பர் அம்மா. என் வீட்டுக்காரர்கூட, "ஏய் பதினஞ்சு, சாப்பிட வா" என்று மகளைக் கிண்டல் செய்வார்.

ஆனால் பதினாலு? அந்தக் குழந்தை காய்ச்சலில் போய் நாலு மாசம் ஆகிறது. என் மகளுக்குப் பக்கத்து இடம். பள்ளிக்கூடத்துக்கே தெரியும், இந்த மனுஷனுக்குத் தெரியாதா?

"பதினாலு!" மறுபடியும் கூப்பிட்டார்.

"வந்திருக்கேன் சார்."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சன்னமாக ஒரு குரல். திரும்பிப் பார்த்தால், அந்தக் குழந்தையின் அம்மா! தனியாக, கையில் ஒரு துணிப்பையோடு நின்றாள்.

"பதினாலு... ஒரு ஆள்" என்று எழுதிக்கொண்டு, "பதினஞ்சு!" என்றார் சார். நான் இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள்தான் "மூணு பேர் சார்!" என்று கத்தினாள்.

படகு கிளம்பியதும் ஆறாம் நம்பர் அம்மா என் காதைக் கடித்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள்.

"இவங்களை எதுக்குங்க வரச் சொன்னார்? ரணத்தைக் கிளறி விட்டுக்கிட்டு!"

"அதானே! நாம எவ்வளவு பார்த்துப் பார்த்து நடந்துக்கறோம்!"

பொய்யில்லை. அவள் மனசு நோகக் கூடாதென்று அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அவளை நான்தான் எடுத்துவிட்டேன். கடைத்தெருவில் அவள் எதிரே வந்தால்கூட, பிள்ளைப் பேச்சு வந்துவிடுமே என்று எதிர்சாரிக்குப் போய்விடுவேன்.

தீவில் இறங்கியதும் மறுபடி கணக்கெடுப்பு. மறுபடி "பதினாலு!" மறுபடி "இருக்கேன் சார்."

சாப்பாட்டுக்கு முன்னால் கயிறு இழுக்கும் போட்டி. அம்மாக்கள் ஒரு பக்கம், அப்பாக்கள் ஒரு பக்கம். அவள் மரத்தடியில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமே! சார் விட்டால்தானே?

"பதினாலாம் நம்பர் அம்மா! அங்க என்ன பண்றீங்க? வந்து கயித்தைப் பிடிங்க!"

தீவு முழுக்கக் கேட்டிருக்கும். அவள் எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்று பிடித்தாள். இழுத்தோம், தோற்றோம், மொத்தமாக மணலில் விழுந்தோம். எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். அடுத்த நிமிஷமே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போய்விட்டாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! நேராக சாரிடம் போனேன்.

"சார், உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? இல்லாத பிள்ளையோட நம்பரை, பெத்தவ முன்னாடியே இப்படிக் கூவறீங்களே!"

அவர் பதிவேட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அது... வருஷம் முடியற வரைக்கும் எடுக்க முடியாதும்மா" என்று மென்று விழுங்கினார்.

"முடியாதா? அதையும் பார்த்துடலாம்!"

மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். தலைமையாசிரியைக்குப் புகார். 'மகளைப் பறிகொடுத்த ஒரு பெண்ணை இவர் நாள் முழுக்க வதைத்ததைக் கண்ணால் பார்த்தோம். இவர் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம்.' சாப்பிடும்போதே தாள் கை மாறியது. பத்தொன்பது கையெழுத்து விழுந்தது.

சாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆனாலும் பார்த்தும் பார்க்காத மாதிரி பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றமுள்ள மனசு, வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுடைய கையெழுத்தும் இருந்தால்தான் புகார் நிற்கும். தாளோடு அவளிடம் போனேன். நாலு மாசத்தில் அவளோடு நான் பேசுவது அதுதான் முதல் தடவை.

"நீங்க கவலையே படாதீங்க, நாங்கல்லாம் இருக்கோம். இனிமே அந்த நம்பரை அவர் வாயாலயே சொல்ல மாட்டார். ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, போதும்."

வாங்கிப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை.

"அந்த நம்பரை எடுத்துடாதீங்க, கூப்பிட்டுக்கிட்டே இருங்கன்னு நான்தான் சார் காலைப் பிடிக்காத குறையா கேட்டேன்" என்றாள். "இன்னிக்கு வரேன்னு சொன்னதும் நான்தான்."

"ஏங்க? எதுக்கு?"

தாளில் 'ஒரு பெண்ணை' என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"நாலு மாசமா எல்லாருக்கும் நான் இதுதாங்க, ஒரு பெண். எம் பொண்ணுக்கு அம்மான்னு என்னை இன்னும் கூப்பிடறது அவர் ஒருத்தர்தான்."