தொட்டிலுக்கு ஒரு பந்து

“டெக்சாஸாம் டெக்சாஸ். அமெரிக்கக் கால்பந்துக்கு முதல்ல லீக் ஆரம்பிச்சதே எங்க ஓஹையோவுலதான், சம்பந்தி. அப்போ உங்க ஊர்ல எல்லாரும் மாடு மேய்ச்சிட்டிருந்தீங்க.”

லெனார்ட் போட்ட சத்தத்தில் பிரசவ வார்டு கதவே அதிர்ந்தது. ராய்ஸ் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, அதிலிருந்த சின்னக் கண்ணாடிக் குப்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“மேய்ச்சோம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க ஊருக்கு வந்து பாருங்க. கடை கண்ணியெல்லாம் சாத்திட்டு மொத்த ஊரும் ஆட்டம் பார்க்கப் பள்ளிக்கூட மைதானத்துலதான் இருக்கும். கல்யாணம்கூட சனிக்கிழமைக்குத்தான் வைப்போம்.”

நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். “நான் பென்சில்வேனியா. நீங்க ரெண்டு பேருமே எங்களுக்கு அப்புறம்தான். உள்ளே ஒரு பொண்ணு வலியில துடிக்கிறா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.”

துடித்துக்கொண்டிருந்தது ராய்ஸின் மகள் ஜோலின். காலையில் ஆரம்பித்த வலி; குழந்தை இன்னும் வந்தபாடில்லை.

குப்பியில் இருந்தது டெக்சாஸ் மண். பேரப்பிள்ளை வெளி மாநிலத்தில் பிறந்தாலும் எங்கள் மண்ணில்தான் பிறந்தது என்று சொல்லிக்கொள்ளத் தொட்டிலுக்கு அடியில் வைப்பதற்காகக் கொண்டு வந்திருந்தார். இந்த ஓஹையோ ஊரின் வழக்கம் வேறு. ஆண் குழந்தை பிறந்தால் கால்பந்து ரசிகர் சங்கத்துக்காரர்கள் வந்து தொட்டிலில் ஒரு குட்டிப் பந்தை வைத்துவிட்டுப் போவார்கள். லெனார்ட்தான் சங்கத் தலைவர். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர் கையால் வைத்த பந்துதான்.

உண்மையில் ராய்ஸுக்கு மண்ணைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. போன வாரம் ஜோலின் போனில் அழுதிருந்தாள். “அப்பா, அந்தப் பந்து என் பிள்ளை பக்கத்துல வரக்கூடாது. நான் சொன்னா மாமனார் காலத்துக்கும் என்னை மன்னிக்க மாட்டார். நீங்கதான் ஏதாவது பண்ணணும்.”

அதற்குக் காரணம் மூலை நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தது. ஜோலினின் கணவன், லெனார்டின் மகன் கோரி. பிரசவ அறை வெளிச்சம் தாங்காமல் வெளியே வந்துவிட்டவன். சின்ன வயதிலிருந்து கால்பந்தில் முட்டி மோதி ஆடியதில் தலையில் வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. முப்பது வயதில் இப்போது எதுவும் மனதில் நிற்பதில்லை. லெனார்டைக் கேட்டால், ஒற்றைத் தலைவலி, சரியாகிவிடும் என்பார். ஒரு அப்பனுக்கு இவ்வளவு கண் அவிந்து போகுமா என்று ராய்ஸுக்கு வயிறு எரிந்தது.

“அப்பா, என்ன குழந்தைன்னு சொன்னாங்களா?” என்றான் கோரி.

“இன்னும் இல்லடா,” என்றார் லெனார்ட்.

ராய்ஸ் மண் குப்பியை வெளியே எடுத்துக் காட்டினார். “இது எங்க ஊர் மண். ஒரு பந்தயம், சம்பந்தி. எந்த மாநிலம் பெருசுன்னு இங்கேயே பேசி முடிப்போம். யார் தோத்துட்டேன்னு வாயால ஒத்துக்கறாங்களோ, அவங்க சாமான் தொட்டில் கிட்ட வரக்கூடாது.”

லெனார்ட் விழுந்து விழுந்து சிரித்தார். “இந்தப் பேச்சுல நான் தோத்ததா சரித்திரமே இல்லை. மண்ணைத் திரும்ப எடுத்துட்டுப் போக ரெடியா இருங்க.”

ஓஹையோவின் பயிற்சியாளர்கள், பழைய வெற்றிகள், பனியில் ஆடிய ஆட்டங்கள் என்று மனிதர் அடுக்கிக்கொண்டே போனார். பேச்சு வாக்கிலேயே எழுந்து போய், கோரியின் தலைக்கு மேல் எரிந்த விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். குரல் மட்டும் குறையவில்லை.

ராய்ஸிடம் சரக்கு தீர்ந்துபோயிற்று. மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தார்.

கதவு திறந்தது. “பையன். அம்மாவும் நல்லா இருக்காங்க,” என்றாள் நர்ஸ்.

கீழே காத்திருந்த சங்கத்துக்காரன் டுவெய்னுக்கு அதற்குள் எப்படியோ தெரிந்துவிட்டது. கையில் பெட்டியோடு ஓடி வந்தான். “வாழ்த்துகள், தலைவரே. உங்க கையாலயே வைங்க, போட்டோ எடுக்கணும். கோரி தொட்டில்லயும் நீங்கதானே வெச்சீங்க.”

லெனார்ட் பெட்டியைத் திறந்து பந்தை எடுத்தார். ராய்ஸ் கதவை மறித்துக்கொண்டு நின்றார். “சம்பந்தி, பேச்சு இன்னும் முடியலை,” என்றார்.

“அப்பா,” என்றான் கோரி மூலையிலிருந்து, “என்ன குழந்தைன்னு சொன்னாங்களா?”

லெனார்ட் மகனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “பையன்டா,” என்றார். பிறகு பந்தைப் பெட்டிக்குள் வைத்து மூடி, டுவெய்ன் கையில் கொடுத்தார்.

“எடுத்துட்டுப் போ. டெக்சாஸ்தான் பெருசு.”